அப்பா வீட்டுக்குள் நடமாடுகிறார்

பதினோரு வருடங்களாக அந்த வீட்டில் அப்பா உட்காரவில்லை. காலையில் விழித்தது முதல் தூங்கப் போகும்வரை கூடத்து ஜன்னலுக்கும் சமையலறை அலமாரிக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தார். ஒரு தடவைக்குப் பதினேழு அடி. சாப்பாட்டைக் கிண்ணத்தில் ஏந்தி நடந்தபடியே முடித்துக்கொள்வார். சவரம் செய்ய வருகிறவர், கத்தியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடக்கப் பழகியிருந்தார். இரண்டு மாதத்துக்கு ஒரு ஜோடி செருப்பு தேய்ந்தது. வாசற்படிவரை போனால் கால்கள் தாமாகத் திரும்பிவிடும். ஏனென்றால் கடிதத்தில் ‘வீட்டுக்குள்’ என்றுதான் எழுதியிருந்தது.

கடிதத்தை எழுதியவள் அவருடைய மூன்று பிள்ளைகளில் நடுவில் பிறந்த மகள். லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனமொன்றில், பாதி வழியில் மாட்டிக்கொண்டவர்களின் தொலைபேசி அழைப்பை எடுத்து, “பதறாதீங்க, ஆள் வந்துட்டு இருக்காங்க” என்று சொல்வது அவள் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வாள். வருடக் கடைசி விடுமுறையில் குடும்பத்துச் சேதிகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி, நகலெடுத்து, பத்தொன்பது சொந்தக்கார வீடுகளுக்குத் தபாலில் அனுப்புவதும் அவள் தலையில்தான் விடிந்தது. அதனால் அண்ணன் அவளுக்கு நிருபர் என்று பெயர் வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. வேலையைப் பங்குபோட மட்டும் யாரும் வரவில்லை.

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட வருடத்தில்தான் இது ஆரம்பித்தது. இனி படுக்கைதான் என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். உள்ளதை உள்ளபடி எழுதினால் பத்தொன்பது வீடும் ஆரஞ்சுப் பழத்தோடும் ஆலோசனையோடும் வந்து இறங்கும், அத்தனை பேருக்கும் டீ போட்டு மாளாது என்று நிருபர் நினைத்தாள். ஒரு பொய்யை எழுதினாள்: ‘அப்பா வீட்டுக்குள் நடமாடுகிறார்.’ தன்னைப் பற்றி ஏதாவது எழுத வேண்டுமே என்று யோசித்தாள். ஜலதோஷம் வேறு. கை ஓய்ந்துபோயிருந்தது. ‘நான் எப்போதும் போல’ என்று முடித்து உறையை ஒட்டினாள். ஜனவரி இரண்டாம் தேதி பகல் பதினொரு மணிக்கு, வேறொரு ஊரில் அத்தை அந்த உறையைக் கிழித்துப் படித்த நேரத்தில், அப்பா போர்வையை விலக்கிவிட்டு எழுந்து நடந்தார். மருத்துவர் வந்து பார்த்து, தன் குறிப்பேட்டில் முன்னால் எழுதியதை அடித்துவிட்டுப் போனார்.

கடிதத்தில் எழுதியது நடந்துவிடுகிறது என்று தெரிந்ததும் குடும்பம் விழித்துக்கொண்டது. டிசம்பர் பிறந்தால் ஆளாளுக்கு வரி சொல்ல ஆரம்பித்தார்கள். ஆனால் கடிதம் சொல்லுக்குச் சொல் பலித்தது, ஒரு எழுத்துகூட விட்டுக்கொடுக்கவில்லை. ‘அண்ணன் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்’ என்று எழுதிய வருடம் அண்ணன் வருடம் முழுக்கக் கட்டிக்கொண்டே இருந்தார். பூசிய சுவர் மறுநாள் பூசாத சுவராக நின்றது. அடுத்த கடிதத்தில் ‘கட்டி முடித்துவிட்டார்’ என்று வந்த பிறகுதான் கொத்தனார் வீட்டுக்குப் போனார். தங்கையின் மகள் ‘நேர்முகத் தேர்வுகளுக்குப் போய்வருகிறாள்’ என்று எழுதியதில், அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் போய் வந்தாள், வேலைதான் கிடைக்கவில்லை. ஒரு வருடம் அண்ணனின் முதுகுவலிக்காக ‘அண்ணனுக்கு வலி விட்டுவிட்டது’ என்று எழுத உட்கார்ந்த நிருபர், தூக்கக் கலக்கத்தில் ‘வழி விட்டுவிட்டது’ என்று எழுதித் தொலைத்தாள். அந்த வருடம் அண்ணன் போன இடமெல்லாம் கூட்டம் விலகி நின்றது, சிக்னல்கள் பச்சைக்கு மாறின, வங்கியில் வரிசை கலைந்தது. முதுகு மட்டும் அப்படியே வலித்தது. தபாலுக்கு அலைவானேன் என்று ஒரு தடவை செல்பேசியில் அனுப்பிப் பார்த்தார்கள். பலன் பிப்ரவரி வரைகூடத் தாங்கவில்லை. அப்பா படுக்கையில் விழ, மார்ச்சில் மறுபடி தாளில் எழுதித் தபாலில் போட வேண்டியதாயிற்று.

இத்தனை நடந்தும் தன் வரி என்ன செய்கிறது என்று நிருபர் கவனிக்க நாலு வருடம் ஆனது. ‘நான் எப்போதும் போல.’ முதல் கடிதத்தின்போது பிடித்த ஜலதோஷம் விடவே இல்லை. நாற்பத்து மூன்று வயதில் நின்ற முகம் நாற்பத்து மூன்றிலேயே நின்றது. முதல் கடிதத்துக்கு முந்தைய நவம்பரில் அவள் கொடுத்திருந்த இடமாற்ற விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருந்தது. அலுவலகத்தில் மூன்று மேலாளர்கள் மாறிவிட்டார்கள், ஒவ்வொருவரும் அவள் புதிதாகச் சேர்ந்தவள் என்றே நினைத்தார்கள். அக்கம்பக்கத்தில் இளமையின் ரகசியம் என்ன என்று கேட்டார்கள். சளிதான் என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அந்த வரியை மாற்றியிருக்கலாமே என்றால், மாற்றியிருக்கலாம்தான். ஆனால் ஊரார் ஆசையெல்லாம் எழுதி முடித்துத் தன் வரிக்கு வரும்போது, தனக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கக்கூட அவளிடம் தெம்பு மிஞ்சியிருக்காது. இது சோம்பல் இல்லை. பதினோரு வருட அசதி.

அப்பாவின் வரி வேறு கதை. அதில் கைவைக்க அவளுக்குப் பயம். நடமாடுகிறார் என்பதை எடுத்துவிட்டால் படுத்துவிடுவார், அவள் அலுவலகம் போனபின் ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆள் இருக்காது. அண்ணனும் தங்கையும் அதே நகரத்தில்தான் இருந்தார்கள், இரண்டு பஸ் மாறினால் வந்துவிடலாம். வருடத்துக்கு ஒரு முறை, வரி சொல்ல மட்டும் வந்தார்கள்.

இந்த டிசம்பரிலும் இருபத்தொன்பதாம் தேதி பிற்பகல் இருவரும் வந்தார்கள். அண்ணனுக்குப் பதவி உயர்வு வேண்டும், இந்தத் தடவை ‘கிடைத்துவிட்டது’ என்று காலத்தைச் சரியாகப் போட வேண்டும். தங்கைக்கு மருமகன் குணம் மாற வேண்டும். எழுந்து போகும்போது அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “மத்ததெல்லாம் உன் இஷ்டம். அப்பா வரியில மட்டும் கை வச்சிடாதே.”

“படுத்துட்டார்னா யாரு பாக்கிறது, சொல்லு?” என்றாள் தங்கை. “நான் என் வீட்ல மாட்டிக்கிட்டு இருக்கேன். உனக்கே தெரியும்.”

நிருபருக்கு வாயில் வந்தது, “பதறாதீங்க, ஆள் வந்துட்டு இருக்காங்க” என்பதுதான். வேலைப் பழக்கம். கதவைச் சாத்தினாள்.

மேசையில் தாளை விரித்து உட்கார்ந்தாள். அப்பா நடந்துகொண்டிருந்தார். அவரோடு பேசுவதென்றால் தவணையில்தான் பேச வேண்டும், மேசையைக் கடக்கும்போது ஒரு வாக்கியம், திரும்பி வரும்போது இன்னொன்று.

“எழுதிட்டியாம்மா?” என்று கேட்டுவிட்டு ஜன்னலுக்குப் போனார்.

அவர் திரும்பி வந்தபோது, “இன்னும் இல்லப்பா” என்றாள்.

சமையலறைவரை போய் வந்தார். “அவங்க சொன்னதைக் கேட்டேன்.”

ஜன்னல்வரை போய் வந்தார். “எனக்கு உக்காரணும்மா.”

நிருபர் பேனாவை மூடினாள். அவர் மறுபடி வரும்வரை காத்திருந்தாள். “நடக்கிறதை எடுத்துட்டா படுத்துருவீங்கப்பா.”

அலமாரியைத் தொட்டுவிட்டு வந்தார். “படுத்தா படுத்துட்டுப் போறேன். சாயங்காலம் கொஞ்ச நேரம் உக்காந்து ரோட்டைப் பாக்கணும். நடந்துகிட்டே பாத்தா ஒண்ணும் முழுசாத் தெரிய மாட்டேங்குது.” அவர் ஜன்னலுக்குப் போய்த் திரும்பி, அவளைக் கடக்கும்போது கையை நீட்டி அவள் தலையைத் தொட்டார், கால் நிற்கவில்லை. “உனக்கும் அசதிதானே.”

அதை இதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை. நிருபர் அழுதாள், அது ஜலதோஷத்தோடு கலந்து யாருக்கும் தனியாகத் தெரியாத அழுகை. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, லிஃப்டில் மாட்டியவர்களிடம் எந்த மாடி, எத்தனை பேர் என்று ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டு எழுதுகிற அதே கவனத்தோடு மூன்று வரி எழுதினாள்:

‘மாலை நேரங்களில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். பகல் முழுவதும் அண்ணனும் தங்கையும் முறைவைத்து வந்து அவரைப் பார்த்துக்கொள்கிறார்கள். நான் அலுவலகம் விட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.’

பதவி உயர்வும் இல்லை, மருமகனும் இல்லை. வலிக்கும் வழிக்கும் ஒரு முறை சரிபார்த்து, பத்தொன்பது நகல் எடுத்து, தபாலில் போட்டாள்.

ஜனவரி இரண்டாம் தேதி பகல் பதினொரு மணிக்கு அப்பா நடை பாதியில் நின்று, சுவரைப் பிடித்து, மெல்லப் படுக்கைக்குப் போய்ச் சேர்ந்தார். பன்னிரண்டு மணிக்கு அண்ணன் வாசலில் நின்றார். கையில் துணிப் பை, அதில் இரண்டு சட்டை. அலுவலகத்துக்குக் கிளம்பியவர் எப்படி இரண்டு பஸ் மாறினார் என்று அவருக்கே தெரியவில்லை. அப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்தார், புரட்டிப் படுக்கவைத்தார், கஞ்சி காய்ச்சப் பழகினார். மறுநாள் முறை தங்கையுடையது, கதவைத் தட்டும்போதே திட்டிக்கொண்டு வந்தாள், ஆனாலும் வந்தாள். சொந்தக்கார வீடுகளில் இந்த வருடக் கடிதம் சின்னதாக இருக்கிறதே என்று மட்டும் பேசிக்கொண்டார்கள்.

பரணில் கிடந்த நாற்காலியை நிருபர் இறக்கித் துடைத்தாள். மாலையானதும் அப்பா தானாக எழுந்து வந்து அதில் உட்கார்ந்தார். எதிர்க்கடைக்காரர் கதவை இறக்கிப் பூட்டுவதை முழுவதுமாகப் பார்த்தார். பொங்கல் விடுமுறை முடிவதுபோல் எந்த ஆரவாரமும் இல்லாமல் ஜலதோஷம் விட்டது. மாதக் கடைசிக்குள் அவளுக்குப் பதினோரு வருட நரையும் மொத்தமாக வந்து சேர்ந்தது, பத்து நாள் அரிப்பெடுத்தது, பிறகு பழகிவிட்டது.

பிப்ரவரியில் ஒரு நாள், தன் முறை முடிந்தும் கிளம்பாமல் அண்ணன் கூடத்தில் நின்றார். நாள் முழுக்க நின்று களைத்திருந்தார். அப்பாவும் நிருபரும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஒரு டீ கிடைக்குமா?” என்று கேட்டார்.

நிருபர் எழப் பார்த்தாள். கடிதப்படி அவளால் எழ முடியவில்லை.

“போட்டுக்கோங்கண்ணா,” என்றாள். “எங்களுக்கும் சேர்த்து.”

அண்ணன் சமையலறைக்கு நடந்தார். ஜன்னலிலிருந்து பதினேழு அடி.