சுத்தமான இளைஞர் கூடம்

எங்கள் குடியிருப்பில் இளைஞர் நலக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதில் இளைஞர் ஒருவரும் கிடையாது. குழுவிலேயே வயதில் சின்னவள் நான்தான், எனக்கே மாடிப்படி ஏறினால் முழங்கால் பேசுகிறது. தலைவர் என் தாய்மாமா. காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகத்திலிருந்துதான் ஓய்வு பெற்றார், மேலாளர் வேலையிலிருந்து அல்ல. செயலாளர் எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்காரர். தலைவர் சொன்னதையே இன்னொரு தடவை சத்தமாகச் சொல்வது அவர் பொறுப்பு.

நான் பஸ் கண்டக்டர். குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று எங்கோ விதி இருந்ததாம், அதனால் மாமா என்னைப் போட்டார். கூட்டத்துக்கு வந்து எல்லாருக்கும் டீ ஊற்றிக் கொடுப்பேன் என்று எதிர்பார்த்தார்கள் போல. நான் டீயை வாங்கிக் குடித்துவிட்டுக் கேள்வி கேட்டேன். அன்றிலிருந்து கூட்டத் தேதி எனக்கு மட்டும் தாமதமாகத்தான் தெரியவரும்.

குழு ஆரம்பித்து இத்தனை காலத்தில் இளைஞர்களுக்கு என்ன செய்தது என்று கேட்டால், பெயர்ப்பலகை வைத்தது. கீழ்த்தளத்தில் யாருக்கும் வேண்டாமல் கிடந்த நீளமான அறையின் வாசலில் 'இளைஞர் கூடம்' என்று எழுதி மாட்டிவிட்டு, கைதட்டிவிட்டு, பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மற்றதையெல்லாம் பிள்ளைகளே செய்துகொண்டார்கள். யாரோ வீட்டை மாற்றிக் கட்டியபோது தூக்கிப் போட்ட இரண்டு கதவுகளைக் காலி பெயிண்ட் டின்கள் மேல் வைத்து மேஜைப்பந்து மேஜை ஆக்கினார்கள். கிழிந்த கொசுவலை நடுவில் வலையாயிற்று. ஒரு மூலையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பஞ்சர் ஒட்டுவார்கள். இன்னொரு மூலையில் பெரிய பிள்ளைகள் சின்னவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார்கள், பாதி தப்பாக. யார் யாரை ஜெயித்தார்கள் என்பதெல்லாம் சுவரில் கரிக்கட்டியால் எழுதியிருக்கும். கீழே தரையில் ஆரம்பித்து, எட்டுகிற உயரம் வரைக்கும் போய்விட்டு, பிறகு அடுத்த சுவர். இதற்கு எந்தத் தீர்மானமும் போடவில்லை, யாரும் ரிப்பன் வெட்டவில்லை. அதனாலேயே நன்றாக நடந்தது என்று நினைக்கிறேன்.

என் மகள்தான் அங்கே நடுவர். 'அம்பயர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அப்பா எங்களை விட்டுப் போன பிறகு வீட்டில் அவள் பேச்சு 'ம்', 'ம்ஹூம்' என்று இரண்டு வார்த்தைக்குச் சுருங்கிவிட்டது. என்ன கேட்டாலும் இந்த இரண்டில் ஒன்று. டாக்டரிடம் கூட்டிப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் டியூட்டி முடிந்து வரும்போது கீழ்த்தள ஜன்னல் வழியாக ஒரு குரல் கேட்டது. "அவுட்னா அவுட்டுதான். மூஞ்ச தூக்கி வெச்சுக்கிட்டா பாயிண்ட் வந்துருமா? அடுத்த ஆளு வாங்க." பஸ்ஸில் நான் கத்துகிற அதே குரல். யூனிஃபார்மும் தோள்பையுமாகப் படிக்கட்டில் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்த அறைக்குத்தான் ஆபத்து வந்தது. வீட்டுவசதி வாரியத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். கீழ்த்தள அறைகளை இளைஞர்கள் உண்மையிலேயே பயன்படுத்துகிறார்களா என்று ஒரு அதிகாரி நேரில் வந்து பார்ப்பாராம். பயன்படுத்தினால் அறை அவர்களுக்கே. இல்லையென்றால் மெத்தைக் கம்பெனிக்குக் குடோனாக விட்டுவிடுவார்களாம்.

மாமா அவசரக் கூட்டம் போட்டார். "அந்த ரூம போய்ப் பாத்தீங்களா? செவுரு பூரா கிறுக்கல். கதவப் போட்டு மேஜைங்கிறாங்க. ஒரு ஆபீசர் வந்து பாத்தா நம்ம மானம் என்னாகும்?"

"மானம் என்னாகும்?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அது கிறுக்கல் இல்ல மாமா, ஸ்கோரு. புள்ளைங்க விளையாடுறாங்கங்கிறதுக்கு அதவிட வேற என்ன சாட்சி வேணும்?" என்றேன்.

"சரி, செவுத்த விடு. அன்னிக்கு இந்தப் பசங்க வேற வேர்த்து ஒழுகி நிப்பாங்க. கத்துவாங்க. நான் ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன். ஒரு வேன் புடிச்சு எல்லாரையும் மீன் காட்சிக்கு அனுப்பிடலாம்."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். "யாரு விளையாடுறாங்கன்னு பாக்க வர்றாரு அவரு. விளையாடுறவங்கள மீன் பாக்க அனுப்பிட்டு அவருக்கு யாரக் காட்டுவீங்க? உங்களையா?"

"நீ டிக்கெட் குடுக்குறவம்மா. ஆபீசருங்க எத எதிர்பாப்பாங்கன்னு எனக்குத் தெரியும். நானே ஆபீசரா இருந்தவன்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை, எங்கள் வளர்ப்பு அப்படி. வீட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்றால் கொடியில் காய்கிற துணி கட்டிலுக்கு அடியில் போகும், படிக்கிற புத்தகம் பீரோவுக்குள் போகும், பிள்ளைகள் உள் அறைக்குள் போவார்கள். வந்தவர் அந்த வீட்டில் யாருமே வாழவில்லை என்று நம்பிவிட்டுப் போனால் அம்மாவுக்கு நிம்மதி. மாமா ஒரு குடியிருப்பையே அப்படி ஒதுங்க வைக்கப் பார்த்தார். கை தூக்கச் சொன்னார்கள், என் கை மட்டும் மடியில் கிடந்தது. பிள்ளைகளிடம் அதிகாரி வருவதைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம் என்றும் முடிவாயிற்று. அதற்கு நானும் ஒத்துக்கொண்டேன். அறை போய்விடுமோ என்ற பயத்தில் என் மகள் மறுபடி 'ம்' என்று ஆரம்பித்தால் என்னால் தாங்க முடியாது. மேஜையும் சுவரும் இருக்கின்றன, அவை பேசும் என்று நம்பினேன்.

அதிகாரி வருகிற நாளன்று காலை வேன் கிளம்பியது. நான் பாதி ஷிஃப்டைத் தோழியிடம் தள்ளிவிட்டு மதியம் வந்து சேர்ந்தேன். கீழ்த்தளத்துக்கு இறங்கும்போதே பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியது.

சுவரெல்லாம் வெள்ளை. மேஜையை யாரோ பழைய சாமான்காரருக்குத் தூக்கிக் கொடுத்திருந்தார்கள், டின்கள் உட்பட. சைக்கிள் மூலையில் பிளாஸ்டிக் பூ வைத்த ஜாடி. கல்யாண மண்டபத்தில் போடுவதுபோல நாற்காலிகள் வரிசையாக. மாமா இஸ்திரி போட்ட சட்டையில் நடுவில் நின்று பூரித்துக்கொண்டிருந்தார்.

"செவுத்த விட்டுடுறேன்னு சொன்னீங்களே மாமா."

"விட்டேனே. கறையத்தான் எடுத்தேன்."

நான் திருப்பிச் சொல்ல வாயெடுப்பதற்குள் அதிகாரி வந்துவிட்டார். சின்ன வயசு. காலையிலிருந்து பல குடியிருப்புகளில் ஏறி இறங்கிய களைப்பு முகத்தில் தெரிந்தது. உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார், சுவரைத் தொட்டார், விரலில் ஒட்டிய வெள்ளையைக் கைக்குட்டையில் துடைத்தார்.

"இளைஞர்கள் எங்க?"

"ரொம்ப ஒழுக்கமான பசங்க சார். இருக்கிற இடமே தெரியாது," என்றார் மாமா பெருமையாக.

"இருக்கிற இடமே தெரியாது," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ஆமா, தெரியல," என்றார் அதிகாரி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், இன்னிக்குக் காலைல வரைக்கும் இங்க மேஜை இருந்துச்சு. செவுரு முழுக்க ஸ்கோரு எழுதியிருந்துச்சு. தினமும் வந்து விளையாடுறாங்க சார்."

"எங்கம்மா எழுதியிருக்கு?"

"இந்த வெள்ளைக்கு அடியில."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். பஸ்ஸில், பர்ஸைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்கிறவர்களை நான் அப்படித்தான் பார்ப்பேன். உடனே மகளுக்குப் போன் போட்டேன். மாமாவின் கைப்பையிலிருந்து மணி அடித்தது. மீன் காட்சியில் தொலைத்துவிடுவார்கள் என்று எல்லாருடைய போனையும் வாங்கிப் பத்திரப்படுத்தியிருந்தாராம்.

"சாயங்காலம் வந்துருவாங்க சார், கொஞ்சம் இருந்து பாருங்க," என்று கெஞ்சினேன்.

"எனக்கு இன்னும் ரெண்டு எடம் பாக்கணும்மா. நான் கண்ணால பாக்குறதத்தான் சொல்ல முடியும்." பிறகு மாமா பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு சார். இவ்ளோ சுத்தமான ரூம நான் எங்கயும் பாத்ததில்ல."

மாமா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இத்தனை வருஷம் காத்திருந்த பாராட்டு.

குலுக்கிக்கொண்டிருக்கும்போதே அதிகாரி மீதியையும் சொன்னார். "மெத்தைக் கம்பெனிக்காரங்க வெள்ளைகூட அடிக்க வேண்டாம். நாளைக்கே எறக்கிக்கலாம்."

மாமா கையை விடவில்லை. விட மறந்துவிட்டார். அதிகாரிதான் மெதுவாக உருவிக்கொண்டு, நாற்காலிகளை வெளியே எடுக்கச் சொல்லி, வாரியத்துப் பூட்டைப் போட்டுவிட்டுக் கிளம்பினார். மருந்துக்கடைக்காரருக்குத் திரும்பச் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. கடையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று நழுவினார்.

"நீயே புள்ளைங்ககிட்ட சொல்லிடும்மா," என்றார் மாமா.

"எதுக்கு? நீங்கதானே தலைவர். நீங்க சொல்லுங்க." எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம். அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வேன் வந்தது. பிள்ளைகள் இறங்குவதற்கு முன்பே கத்தல் இறங்கியது. என் மகள் நேராக மாமாவிடம் ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"தாத்தா, ரொம்ப தேங்க்ஸ். ஒரு மீனு நம்ம கதவு அளவு இருந்துச்சு தாத்தா, மேஜையே போடலாம். எங்களுக்குன்னு இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் பண்ணதில்ல. நீங்கதான் ஃபர்ஸ்ட்டு." மற்றவர்களும் சுற்றி நின்று கைதட்டினார்கள். ஒரு குழுவுக்குக் கிடைக்க வேண்டிய கைதட்டல் மொத்தமும் அன்று அவருக்குக் கிடைத்தது.

மாமா சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். "உள்ள... பெயிண்ட் அடிச்சிருக்கு. இன்னும் காயல," என்றார்.

"எங்களுக்காகவா? பெயிண்ட்டுமா?" என்று ஒருத்தன் வியந்தான்.

"அப்ப யாரும் தொடாதீங்கடா. காயிற வரைக்கும் இங்கயே உக்காருவோம்," என்றாள் என் மகள், அதே நடுவர் குரலில். அத்தனை பேரும் கூடத்து வாசல் படியில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கவில்லை. மாமா அதிகாரியிடம் சொன்ன ஒழுக்கம் உண்மைதான் போலிருக்கிறது.

நான் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இஸ்திரி மடிப்பு கலையாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு படியில் இடம் தேடினார். பிள்ளைகள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு என் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவள் அப்போதுதான் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "பூட்டு புதுசா இருக்கே. யாரு தாத்தா பூட்டினா?"

வாரியம், அதிகாரி, மெத்தைக் கம்பெனி என்று மாமாவுக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது. அவர் எதையாவது சொன்னால் சண்டை போடலாம் என்று நானும் தயாராகத்தான் நின்றேன்.

"நான்தாம்மா," என்றார்.