நடுவில் விழுந்த புள்ளிகள்

பதினொரு மணிக்குக் குழுத்தலைவர் வந்து உட்காருவார். இப்போது மணி பத்தாகப் போகிறது. அதற்குள் அவள் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும்: குவாண்டம் கணினியின் அடிப்படைத் துணுக்கான கியூபிட்டை அளக்கும் துல்லியம் 99.4 சதவீதம். தொண்ணூற்றொன்பதைத் தொட்டால்தான் இந்தப் பிரிவு பிழைக்கும். இல்லையென்றால் இதை மூடிவிட்டு, இங்கே நிரல் எழுதும் அவள் கணவனைத் தூரத்துக் கிளைக்கு அனுப்பிவிடுவார்கள். கல்யாணமான முதல் இரண்டு வருடம் போனிலேயே குடித்தனம் நடத்தியவர்கள் அவர்கள். ஒரே வீட்டுக்கு வந்து ஏழு மாதம்தான் ஆகிறது.

பேனாவைத் திறந்தவள், பழக்கதோஷத்தில் திரையைப் பார்த்தாள். குளிர்கலனுக்குள் இருக்கும் கியூபிட்டை ஒருமுறை அளந்தால் திரையில் ஒரு புள்ளி விழும். இடப்பக்கக் கூட்டத்தில் விழுந்தால் பூஜ்யம், வலப்பக்கம் விழுந்தால் ஒன்று. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவன் எதையும் பத்தாயிரம் முறை அளக்காமல் விடமாட்டான். ஆபீசில் அவன் பட்டப்பெயரே 'பத்தாயிரம்'. ஆனால் திரையில் இருந்தவை ஒன்பதாயிரத்து அறுநூற்று நாற்பது.

பேனாவை மூடிவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"மீதி எங்கங்க?"

அவன் நிரலைத் திறந்து தேடினான். முகம் சுருங்கியது. மூன்று மாதம் முன்பு ஒரு கேபிள் தளர்ந்து, இரைச்சலில் இரண்டு கூட்டங்களும் கலந்து போயின. நடுவில் விழும் புள்ளிகளை ஒரு வாரத்துக்கு ஒதுக்கிவையுங்கள் என்று சொன்னவளே அவள்தான். கேபிளை மாற்றினார்கள். நிரலில் அந்த ஒரு வரியை எடுக்க இருவருக்குமே நினைவில்லை.

வரியை நீக்கிவிட்டு ஓட்டினான். 97.6.

"யாருக்கும் தெரியாது," என்றான் மெதுவாக. "கேட்டா பாத்துக்கலாம்."

"கஷ்டமான கேள்வியெல்லாம் அடிச்சுட்டு மிச்சத்துக்கு மார்க் போட்டா அது பரீட்சையா?"

"அப்ப மறுபடியும் ஆளுக்கொரு ஊரா?"

"போன்ல மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கறது எனக்கு மட்டும் இனிக்குதா?"

அவள் திரையை நெருங்கிப் பார்த்தாள். நடுப்புள்ளிகள் சிதறிக் கிடக்கவில்லை. வலக்கூட்டத்திலிருந்து இடப்பக்கமாக வால்போல நீண்டிருந்தன. ஒன்றாக இருந்த கியூபிட், அளந்துகொண்டிருக்கும்போதே பூஜ்யமாகச் சரிகிறது. கேபிள் கெட்டிருந்த நாட்களில், இரைச்சலைச் சமாளிக்க அளக்கும் நேரத்தை அவர்கள்தான் இரண்டு மைக்ரோ வினாடியாக நீட்டியிருந்தார்கள். அதையும் திருப்பி வைக்கவில்லை.

"ரொம்ப நேரம் பாக்குறோம். பாதியாக் குறைங்க."

குறைத்தால் கூட்டங்கள் ஒட்டிக்கொள்ளும் என்று அவன் தயங்கினான். இப்போது கேபிள் நன்றாகத்தானே இருக்கிறது என்றாள் அவள். மணி பத்து நாற்பது. குளிர்கலனின் பம்ப் 'டக் டக்' என்று அடித்துக்கொண்டிருக்க, பத்தாயிரம் புள்ளிகளும் விழுந்து முடிந்தன. ஒன்றைக்கூட ஒதுக்கவில்லை.

98.7.

தாளைத் தன் பக்கம் இழுத்து, 99.4 என்பதை அவனே அடித்தான். பக்கத்தில் 98.7 என்று எழுதி அவளிடம் தள்ளினான். அவள் கையெழுத்துப் போட்டாள்.

பதினொரு மணிக்கு வந்த குழுத்தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அடித்திருந்த எண்ணையே வெகுநேரம் பார்த்தார்.

"எத்தனை புள்ளிய ஒதுக்குனீங்க?"

"இதுல ஒண்ணுகூட இல்ல சார். அடிச்சதுல முந்நூத்தி அறுபது," என்றான் அவன். கேபிள், மறந்துபோன வரி, மூன்று மாதம், எதையும் மறைக்காமல் சொன்னான்.

"மீதி பாயிண்ட் மூணுக்கு எத்தனை நாள் வேணும்?"

அவன் அவளைப் பார்த்தான்.

"பத்து நாள் சார்," என்றாள் அவள். "நிரல் எழுத இவர் இங்க இருந்தா."

அவர் சிரிக்கவில்லை. தாளின் ஓரத்தில் 'இரண்டு வாரம், அதே ஆட்கள்' என்று எழுதிவிட்டு எழுந்தார்.

மேசைக்கடியில் அவன் ஷூ அவள் காலை மிதித்துக்கொண்டிருந்தது. வலித்தது. அவள் காலை எடுக்கவில்லை.