வேலி அடைக்க வந்த ஐந்தாம் வகுப்பு

மீனலோசனி அந்தப் பாடத்தை மிக நன்றாகப் படிப்பித்தாள். பிழை அங்கேதான் தொடங்கியது.

"உண்மையாக் கஷ்டப்படுற ஆக்கள் வாய்விட்டுக் கேக்கமாட்டினம்," என்று ஐந்தாம் வகுப்புக்குச் சொன்னாள். "நாங்கள்தான் கண்ணைத் திறந்து பாக்கவேணும். வேலி அடைக்காத வீடு எது, கடைக்கு வந்து விலையை மட்டும் விசாரிச்சுப் போறது ஆர் எண்டு பாருங்கோ. பாத்துப்போட்டு, சத்தமில்லாமல் போய் உதவி செய்யுங்கோ."

பிள்ளைகள் பார்த்தார்கள். சுருவில் ஊர் முழுவதையும் பார்த்தார்கள்.

சனிக்கிழமை காலை அவளைப் பெண் பார்க்க மடத்துவெளியிலிருந்து நாகமுத்துவும் மகன் பரமலிங்கமும் வந்திருந்தார்கள். அதற்காக மீனலோசனியின் தாய் இலட்சுமிப்பிள்ளை பட்ட பாடு கொஞ்சமல்ல. காணியில் பாதியை விற்று மூத்த மகனை ஜேர்மனிக்கு அனுப்பியதிலிருந்து அவனிடமிருந்து ஒரு கடிதம்கூட இல்லை. தரகரிடம் சொன்ன கதையில் மட்டும் அவன் மாதம் தவறாமல் பணம் அனுப்பிக்கொண்டிருந்தான். கதிரைகள் பக்கத்து வீட்டு இரவல். வேலியை அப்படி இரவல் வாங்க முடியவில்லை. வருடந்தோறும் மாற்றவேண்டிய பனையோலை கறுத்து உக்கி, முற்றத்தை ஒழுங்கையில் போவோருக்குக் காட்டிக்கொண்டு நின்றது.

"கூலிக்கு ஆளெடுக்க ஏலாமல் கிடக்கு, அக்கா," என்றாள் இலட்சுமிப்பிள்ளை.

"மடத்துவெளியிலையும் அதே கதைதான்," என்றாள் நாகமுத்து.

கால் ஆடுகிற கதிரையில் தாயை இருக்கவிடாமல் பரமலிங்கம் தானே அதில் இருந்துகொண்டதைக் குசினிக்குள்ளிருந்து மீனலோசனி கண்டாள். அவனைப் பிடித்துப்போக அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அவள் தேநீரோடு வந்தபோது படலை திறந்தது. ஓலைக்கட்டு ஏற்றிய கைவண்டில், கயிறு, வேலி கட்டும் குத்தூசி சகிதம் ஐந்தாம் வகுப்பு முற்றத்தில் நின்றது.

"அடியே, ஆக்கள் இருக்கினம்," என்றாள் பிள்ளைகளில் ஒருத்தி.

"இருந்தா இருக்கட்டும். நீ கயிறைப் பிடி," என்றாள் முன்னுக்கு நின்ற ஜசிந்தா.

நாகமுத்துவின் முகம் மலர்ந்தது. "பாத்தியே தம்பி, இதல்லோ குடும்பம்! சனம் தானா வந்து வேலி அடைச்சுக் குடுக்குது. எங்கட அப்பு காலத்திலை இப்பிடித்தான்."

"நாங்கள் வேண்டாமெண்டாலும் விடாயினம், அக்கா," என்றாள் இலட்சுமிப்பிள்ளை, சட்டென்று.

ஜசிந்தா குழம்பிப்போனாள். "இல்லையம்மா, ஊர் முழுக்கப் பாத்தனாங்கள். இந்த வீடுதான் ஆகக் கஷ்டம்." பிறகு திரும்பினாள். "ரீச்சர், பிழையான வீட்டுக்கே வந்திட்டம்?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் கலியாணம் குழம்பாமல் தப்பும். தாயின் கண்கள் கெஞ்சின. வகுப்பு முழுவதும் அவளையே பார்த்தது. கொடுப்பதைப் பற்றி ஒரு கிழமையாகப் படிப்பித்தவள், வாங்குவதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லிவைக்கவில்லை.

"பிழையில்லை, பிள்ளையள்," என்றாள். "அண்ணையிட்டை இருந்து ஒண்டும் வாறேல்லை. வேலி அடைக்க எங்களுக்கு வழியில்லை. நீங்கள் வந்தது பெரிய உதவி."

இலட்சுமிப்பிள்ளை சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"வசதியான இடமெண்டெல்லோ தரகர் சொன்னவர்!" என்றாள் நாகமுத்து.

"எங்களைப் பற்றி என்ன சொன்னவர் எண்டும் கேளுங்கோவன், அம்மா," என்றான் பரமலிங்கம்.

"நீ வாயை மூடு."

இலட்சுமிப்பிள்ளை தலைப்பை விலக்கினாள். "கொழும்பிலை கடையெண்டு சொன்னவர்."

"கடை இருந்தது உண்மைதான், மாமி. எண்பத்துமூண்டு கலவரத்திலை எரிஞ்சதைத்தான் சொல்லேல்லை."

அந்த 'மாமி' எல்லோர் காதிலும் விழுந்தது. அவன் எழுந்துபோய் குத்தூசியை வாங்கிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றான்.

ஜசிந்தாவுக்கு வேறு கவலை. "அப்ப உங்கட வேலி எப்பிடியம்மா?" என்று நாகமுத்துவைக் கேட்டாள்.

நாகமுத்து மகனைப் பார்த்தாள், மீனலோசனியைப் பார்த்தாள்.

"மடத்துவெளி தூரம், பிள்ளை," என்றாள் கடைசியில். "வண்டிலோடை பஸ்ஸிலை ஏறேலாது. ஓலையை நாங்கள் அங்கை வெட்டி வைக்கிறம், நீங்கள் ரீச்சரோடை வாங்கோ."