ராசியான ஃபோல்டர்

வைத்திலிங்கம் சாருக்கு எந்தப் புது வேலையானாலும் ராசியான ஃபோல்டரில் இருந்துதான் தொடங்க வேண்டும். பெரம்பலூரில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் நாலு கம்ப்யூட்டரை வைத்து, இரும்புக் கட்டுமானங்களுக்கு டிசைன் போட்டுக் கொடுக்கும் ஆபீஸ் அவருடையது. ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் கொண்டுபோகும் கன்வேயர் பாலம்தான் முதல் பெரிய வேலை. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அந்த ஃபோல்டரின் புண்ணியம் என்பது அவர் கட்சி. அதைக் காப்பி எடுத்து, பெயரை மாற்றி, ராகுகாலத்துக்கு முன்னால் ஒரு கோடாவது இழுத்துவிட வேண்டும். படித்த மனிதர்தான், இதில் மட்டும் யார் பேச்சும் எடுபடாது.

பழைய ஏற்பாட்டில் இதனால் ஒரு கெடுதலும் இல்லை. தகடு, போல்ட் எல்லாவற்றின் அளவுகளும் ஃபோல்டருக்குள்ளேயே ஒரே ஃபைலில் இருந்தன. ஃபோல்டரைக் காப்பி எடுத்தால் அளவுகளும் தனிக் காப்பியாக வந்துவிடும். ஆனால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்தால் அது சிக்கிக்கொள்ளும். ஒருவர் வேலை செய்ய இன்னொருவர் டீ குடிக்கப் போக வேண்டும்.

இது தாங்காமல்தான் ஷாலினி மேரி சண்டை போட்டாள். வரதராசன்பேட்டைக்காரி, ஆறு வருடமாக அங்கே சீனியர் இன்ஜினியர். பழசே போதும் என்றார் சார். அவள் விடவில்லை. இரண்டு மூன்று வகை டேட்டாபேஸைச் சோதித்துப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மூலையில் இருந்த கம்ப்யூட்டரில் நிறுவினாள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டேட்டாபேஸ், எல்லோரும் ஒரே நேரத்தில் திறக்கலாம், யார் எதை மாற்றினாலும் பதிவாகும். ஒரு மாதம் அவளுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஒன்றே ஒன்றில்தான் கவனமாக இருக்க வேண்டும். இப்போது ஃபோல்டருக்குள் அளவுகள் கிடையாது. எந்த டேட்டாபேஸைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் ஒரு வரி மட்டும் இருக்கும். காப்பி எடுத்ததும் புது டேட்டாபேஸ் உண்டாக்கி அந்த வரியை மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் புது வேலையில் செய்யும் மாற்றமெல்லாம் ஆலைப் பாலத்தின் அளவுகளில் போய் விழும். அதை அவள் யாருக்கும் சொல்லித்தரவில்லை. நாமே செய்துகொள்ளலாம் என்ற நினைப்பு.

செந்துறை முந்திரி குடோன் வேலை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. பத்தரைக்கு ராகுகாலம். சார் கடிகாரத்தைப் பார்த்தபடி ஷாலினியின் பின்னாலேயே நின்றார். அவள் ஃபோல்டரைக் காப்பி எடுத்தாள், பெயரை மாற்றினாள், ஜூனியர் பரணிதரன் ஒரு கோடு இழுத்தான். எல்லோருக்கும் கேசரி வந்தது. சாப்பிட்டுவிட்டு அந்த வரியை மாற்றலாம் என்று நினைத்தாள். கேசரி தின்றதோடு சரி.

பதின்மூன்று நாள் கழித்து, வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, அதே ஆலை டேட்டாபேஸில் நடந்துவந்த இரண்டாம் கட்டப் பாலத்துக்கு எடைப் பட்டியல் எடுத்தாள். மொத்த எடை குறைந்திருந்தது. மாற்றங்களின் பதிவைத் திறந்து பார்த்தாள். தூண்களை அடியில் தாங்கும் தகட்டின் கனம் முப்பத்திரண்டு மில்லிமீட்டரிலிருந்து பதினாறாக மாறியிருந்தது. மாற்றியவன் பரணிதரன். குடோனுக்கு அதுவே ஜாஸ்தி. தன் குடோனை மாற்றுவதாகத்தான் அவன் நினைத்திருந்தான், பாவம்.

அரியலூர்ப் பட்டறையில் அந்தத் தகடுகளை வெட்டி ஒரு வாரமாகிறது. ஆறு தூண்களும் நின்றுவிட்டன. இன்று அவற்றின் மேல் பாலத்தை ஏற்றுகிறார்கள். பட்டறை மேஸ்திரி கொளஞ்சி அண்ணன் ஆட்களோடு ஆலையில்தான் இருந்தார்.

அப்போதுதான் அந்தக் கெட்ட யோசனை வந்தது. மூன்று வாரத்துக்கு முந்தைய பேக்கப்பைப் போட்டுவிட்டால் முப்பத்திரண்டு திரும்பிவிடும். பதிவும் போய்விடும். பட்டறையில் இப்போது அச்சடித்த தாளே கிடையாது, வரைபடம் டேட்டாபேஸிலிருந்து நேராகச் செல்லில்தான் திறக்கும். அதற்குப் பிறகு யார் பார்த்தாலும் வரைபடத்தில் முப்பத்திரண்டு, தகட்டில் பதினாறு. தப்பு கொளஞ்சி தலையில் விடியும். சண்டை போட்டு வாங்கிய டேட்டாபேஸும் பிழைக்கும், அவள் வேலையும் பிழைக்கும். மவுஸ் பேக்கப்பைத் திரும்பப் போடும் பொத்தான் மேல் நின்றது. அவளுக்குத் தன்னை நினைத்தே அருவருப்பாக இருந்தது.

மவுஸை விட்டுவிட்டுச் செல்லை எடுத்தாள். கொளஞ்சி எடுக்கவில்லை. மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை. கிரேன் சத்தத்தில் எங்கே கேட்கப்போகிறது? ஆலையின் பாதுகாப்பு அதிகாரி தேவயானியின் எண்ணைத் தேடிப் பிடிக்க நாலு நிமிடம் போனது.

"மேடம், கிரேன நிறுத்தச் சொல்லுங்க. பாலத்தத் தூண் மேல வைக்கக் கூடாது, கீழ ஆளும் நிக்கக் கூடாது. டிசைன் போட்டவதான் பேசுறேன். தப்பு எங்களோடது."

பார்க்கிறேன் என்று சொல்லித் தேவயானி வைத்துவிட்டாள். அதன் பிறகு இருபத்தைந்து நிமிடம் ஒரு தகவலும் இல்லை. பரணிதரன் ஏதோ கேட்டான், அவள் காதில் விழவில்லை. மாதாவே, யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்பது தவிர மனதில் வேறெதுவும் ஓடவில்லை.

கொளஞ்சியே கூப்பிட்டார். தூணுக்கு நாலடி மேலே பாலம் தொங்கும்போது நிறுத்தினார்களாம். இறக்கியாகிவிட்டது, ஒருவருக்கும் காயமில்லை. தகட்டை அளந்து பார்த்ததில் பதினாறுதான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தகடு தப்பாக வந்ததற்கு அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள்.

"வெட்டுறப்பவே மெலிசா இருக்கேன்னு தோணுச்சு மேடம்," என்றார் அவர். "ஆளுங்களும் கேட்டானுவோ. படத்துக்குக் கீழ பாத்தேன், சரிபார்த்தது ஷாலினி மேரின்னு இருந்துச்சு. நீங்க பாத்திருந்தா சரியாத்தான் இருக்கும்னு வெட்டிட்டேன்."

ஒவ்வொரு வரைபடத் தாளிலும் அந்தப் பெயர் தானாக விழும்படி டேட்டாபேஸில் அமைத்தவள் அவள்தான். முதல் கட்டத்தில் பார்த்ததுதானே, அதே தூண்தானே என்று இரண்டாம் கட்டத் தாள்களை அவள் திறக்கவே இல்லை. சாரின் ராசியான ஃபோல்டரைப் பார்த்து எத்தனை நாள் சிரித்திருக்கிறாள்.

"அந்தத் தாள நான் பாக்கவே இல்லண்ணே," என்றாள்.

 சரிங்க மேடம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொளஞ்சி வைத்தார். அவள் எழுந்து சாரின் அறைக் கதவைத் தட்டினாள்.