நடுக்கம் நிற்கும் முன்னே

மன உளைச்சலைத் தாங்கப் பழக்கும் மூன்று நாள் பயிற்சி முடிந்ததும், நிலையத்துக் காவலர்களைச் சீட்டுக் குலுக்கி இருவர் இருவராகச் சேர்த்தார்கள். சனிக்கிழமைதோறும் பத்து நிமிடம் மனம்விட்டுப் பேச வேண்டுமாம். காவலர் ஜெமிமாவுக்கு வாய்த்தவர் சிறப்பு எஸ்.ஐ. அம்மையப்பன். அவள் தகப்பனார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தேர் பந்தோபஸ்து என்று அவளுக்கு விடுப்பை மறுத்தவர். அப்பாவின் முகத்தைப் பெட்டிக்குள் வைத்த பிறகுதான் பார்த்தாள்.

முதல் சனிக்கிழமை வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டார்கள்.

"ஒங்ககிட்ட பேச ஒண்ணுமில்லய்யா."

"எனக்கு மட்டும் ஆசையாக்கும்?" என்ற அம்மையப்பன் செல்போனை எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் வாரம் ஆற்றில் குளிக்கப் போன இரண்டு பிள்ளைகள் மூழ்கிச் செத்தார்கள். கரையில் அவர்களை வாங்கிக் கிடத்தியவள் ஜெமிமா. அதன்பின் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை, ஆடு காணவில்லை என்று நான்காம் முறையாக வந்து நின்ற பாலம்மாளைக் கன்னத்தில் அறைந்துவிட்டாள்.

சனிக்கிழமை அம்மையப்பன் நேரே கேட்டார்.

"அடிச்சது எப்படி இருந்துச்சு?"

"மேலிடத்துக்கு எழுதிப் போடுங்க. அதானே ஒங்களுக்கு வரும்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நல்லா இருந்துச்சு. ஒரு நிமிசம். பொறவு கை நடுங்குச்சு."

"எனக்கும் மொதல்ல நடுங்குச்சு. பொறவு நின்னுட்டு. வீட்டுலயும் அடிக்க ஆரம்பிச்சேன். எம்பொண்டாட்டி மக வீட்டுக்குப் போயி ஆறு வருசமாவுது." அவர் குரலில் இரக்கம் இல்லை. "நடுக்கம் நிக்கதுக்கு முன்ன அந்தப் பொம்பளகிட்ட போ."

"எங்கப்பாவப் பாக்க விடாத ஆளு எனக்குப் புத்தி சொல்லுதீங்களா?"

"விடாதது தப்புதான். அதுக்கு நீ என்ன மன்னிக்க வேண்டாம்."

அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அந்தப் பிள்ளைகளைப் பற்றி, ஈரம் சொட்டிய அரைஞாண் கயிறு வரை சொன்னாள். அவர் ஆறுதல் சொல்லவில்லை, எழுந்தும் போகவில்லை.

மாலையில் சீருடையை மாற்றிச் சேலை கட்டிக்கொண்டு, பாலம்மாளின் ஊரான கருப்பந்துறைக்குப் போனாள். பாலம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

"இங்கன எதுக்குட்டி வந்தே? மத்த கன்னத்துலயும் அடிக்கவா?"

"தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சிருங்கக்கா."

"மாட்டேன். போ."

கதவு சாத்தப்பட்டது.

பாலம்மாளின் மனு மேலதிகாரிவரை போயிற்று. மறுத்துவிடும்படி எல்லோரும் சொன்னார்கள். ஜெமிமா, 'அடித்தது உண்மை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். களக்காட்டுப் பக்கம் மாற்றல் வந்தது. புறப்படும்போது அம்மையப்பனிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் புது நிலையத்தில் சேர்ந்த வாரமே, சனிக்கிழமை தன்னோடு உட்கார ஒரு ஆள் வேண்டும் என்று அவளே கேட்டாள்.