எதிர் வரிசையில் ஒரு பெயர்ப்பலகை

வீடு விற்கும் முகவராவதற்குப் படித்துத் தேறியதும், அவள் தன் அக்கா கணவரின் அலுவலகத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தாள். சொந்தமாகத் தரகு அலுவலகம் திறக்க வேண்டுமானால், உரிமம் பெற்ற தரகரிடம் சில வருடம் வேலை பார்த்து, அவர் தரும் அனுபவச் சான்றோடு இரண்டாம் தேர்வு எழுத வேண்டும். அவள் வெயில் மழை பாராமல் அலைந்தாள். சான்று கேட்டபோது அத்தான் எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

"கதவைத் திறந்து காட்டினதெல்லாம் அனுபவமா?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியேறினாள். வேறொரு தரகரிடம் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். உரிமம் வாங்கிய கையோடு அத்தானுக்கு நேர் எதிரே பெயர்ப்பலகை மாட்டிவிட்டுக் காத்திருந்தாள். உரிமத்தைப் புதுப்பிக்கக் கட்டாயம் போக வேண்டிய வகுப்புகளை அவர் தட்டிக்கழிப்பது அவளுக்குத் தெரியும். காலாவதியான உரிமத்தோடு அவர் ஒரு வீட்டைப் பேசி முடித்த அன்றே, உரிம வாரியத்துக்குப் புகார் போனது. அலுவலகத்தை மூட வைத்தார்கள்.

ஒரு நாள் அவரே படியேறி வந்தார்.

"மறுபடி படிச்சுப் பரீட்சை எழுதணும்னு சொல்றாங்கம்மா. அதுவரைக்கும் உன்கிட்ட ஏதாவது வேலை..."

"உரிமம் இல்லாதவங்க வீட்டைக் காட்டக்கூடாது அத்தான். புகார் கொடுத்ததே நான்தான்."

அவர் வந்த படியிலேயே திரும்பி இறங்கினார். அவள் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

சாயங்காலம் அக்கா போனில் அழுதாள். "எங்க வயித்துல அடிச்சிட்டியேடி!"

அழுகை ஓயும்வரை கேட்டுவிட்டு, அவள் மறுநாள் காட்ட வேண்டிய வீட்டுச் சாவியைத் தேட ஆரம்பித்தாள்.