தம்பிக்காகச் சுரண்டிய சுவர்

ரத்தப் புற்றுநோய் வந்த தம்பிக்கு, புது ரத்தம் ஊறவைக்கும் ஸ்டெம்செல்லைத் தானம் கொடுத்த நாளிலிருந்து அண்ணனின் நடையே மாறிவிட்டது. கையில் குழாயை மாட்டிக்கொண்டு சாய்வு நாற்காலியில் படுத்துக் கிடந்ததுதான் அவர் செய்தது. சொந்தபந்தங்களிடம் சொல்லும்போது மட்டும் அது போர்க்களமாகிவிடும்.

"அவன் உடம்புல ஓடுறது என் ரத்தம்!"

"அதான் அண்ணே, இப்பல்லாம் எனக்கும் வாய் நிக்க மாட்டேங்குது" என்பான் தம்பி.

தம்பியை வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னார்: எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கிறோம், தூசி ஆகாது, பூசணம் ஆகாது, வீடு சுத்தமாக இருக்கட்டும். அண்ணன் காதில் 'சுத்தம்' மட்டும் ஏறியது. தம்பி வீட்டுக் குளியலறைச் சுவரில் கறுப்பாகப் படர்ந்திருந்த பூசணத்தைப் பார்த்ததும் சட்டைக்கையை மடித்துவிட்டார்.

"அவரை வேற எங்கயாவது தங்க வெச்சுட்டுப் பண்ணலாமே, அத்தான்" என்றாள் தம்பி மனைவி.

"கதவைச் சாத்திட்டாப் போச்சு. எனக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியாதது என்று உலகத்தில் எதுவும் இருந்ததில்லை. சாயங்காலம் வரை தகட்டால் சுரண்டினார். கரும்பொடி அவர் மீசையில் படிந்தது; மிச்சம் கதவிடுக்கு வழியே தன் போக்கில் போனது. வெள்ளையடித்த சுவர் முன்னால் நின்று படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார்.

சில வாரங்களில் தம்பிக்குக் காய்ச்சல். "என் செல் சண்டை போடுது. சூடு வரத்தான் செய்யும்" என்று சொல்லி அண்ணன் ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போட்டார். இருமலில் ரத்தம் வந்தபோதுதான் விளக்கம் நின்றது.

ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நுரையீரல்ல பூசணம் இறங்கியிருக்கு. வீட்டுல ஏதாவது இடிச்சீங்களா, சுரண்டினீங்களா?"

தம்பி மனைவி அண்ணனைப் பார்த்தாள்.

"பூசணம் காத்துலயே இருக்கும்தானே டாக்டர்?" என்றார் அவர்.

"இருக்கும். நம்மளை ஒண்ணும் பண்ணாது."

"கேட்டியாம்மா? காத்துலயே இருக்காம்!"

"அத்தான்தான் சுவத்தைச் சுரண்டினார் டாக்டர்" என்றாள் அவள். "என் வீட்டுக்காரர் பக்கத்து ரூம்ல படுத்திருந்தப்போ."

டாக்டர் மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார். திட்டியிருந்தால்கூட அண்ணன் பதிலுக்கு ஒரு சொற்பொழிவு வைத்திருந்தார்.

மருந்து ஏறிக்கொண்டே இருந்தது. தம்பி இறங்கிக்கொண்டே இருந்தான். எல்லாம் முடிந்த காலையில் டாக்டர் அண்ணனின் தோளைத் தொட்டார். "உங்க செல் நல்லாத்தான் பிடிச்சிருந்துது சார். அதுல ஒரு குறையும் இல்ல."

இந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் எவ்வளவு காலம் காத்திருந்தார்! யாரிடமாவது சொல்லலாம் என்று திரும்பினார். தம்பி மனைவி குனிந்து, கட்டிலுக்கடியில் கிடந்த தம்பியின் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.